ஜீன்ஸ் காலை மடித்துவிடுவதா, வெட்டித் தைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு சின்ன ஆல்ட்ரேஷன் கடை நடத்துகிறேன். அப்பா புது மண்டபத்தில் மெஷின் போட்டுத் தைத்தவர். சாக்பீஸ் பிடிக்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது கடைக்கு வருகிற துணியில் பாதிக்கு மேல் ஜீன்ஸ்தான், அதிலும் பெரும்பாலும் நீளம் குறைக்கிற வேலைதான். அவசரமாக வந்து நின்றபடியே கேட்கிறவர்களுக்கு முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

இதில் "மடித்துவிடுவது" என்று நான் சொல்வது, கால் ஓரத்தை வெளிப்பக்கமாகச் சுருட்டி மேலே ஏற்றிவிடுவதை. "பாட்டம் அடிப்பது" என்றால், மிச்ச நீளத்தை வெட்டிவிட்டு ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைப்பது.

ஒரே வரியில சொல்லுங்கக்கா, மடிக்கவா, வெட்டவா?

தினமும் போடப்போகிற ஜீன்ஸ் என்றால் வெட்டிப் பாட்டம் அடியுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இரண்டு தடவை துவைத்துக் காயும்வரை மடித்துவிட்டே போடுங்கள். வளருகிற பிள்ளைகளுக்கும், செல்வெட்ஜ் ஜீன்ஸ் (தறியிலேயே கரை கட்டி நெய்த துணியில் தைத்தது) வாங்கியவர்களுக்கும், ஒரே பேன்ட்டை ஒருநாள் ஷூவுக்கும் ஒருநாள் செருப்புக்கும் போடுகிறவர்களுக்கும் மடிப்பையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மற்ற எல்லோருக்கும் தையல்தான்.

துணி வாங்கின கடையிலேயே இலவசமாக ஆல்ட்டர் பண்ணித் தருகிறார்கள். கையோடு வெட்டிவிட்டால் என்ன?

தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூலை, இழுத்துப் பிடித்துத்தான் நெய்வார்கள். ஜீன்ஸின் கால் நீளம் அந்தப் பாவு வாக்கில்தான் ஓடுகிறது. தண்ணீர் பட்டதும் இழுபட்டிருந்த நூல் தளர்ந்து தன் இடத்துக்குத் திரும்பும், கால் குட்டையாகும். இதைத் தடுக்க, துணியை ஆலையிலேயே ஈரப்படுத்திச் சுருங்கவைத்து அனுப்புகிற முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சான்ஃபோர்டு க்ளூயெட் என்பவர் 1930 வாக்கில் கொண்டுவந்தது; அவர் பெயராலேயே 'சான்ஃபரைஸ்டு' என்கிறோம். இன்று கடைகளில் தொங்குகிற ஜீன்ஸில் பெரும்பாலானவை இந்த முறையில் வந்தவைதான். அப்படி வந்ததும்கூட 1 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும். 32 இஞ்ச் உள்கால் நீளத்தில் 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். இந்த முறைக்கு உட்படாத பச்சைத் துணி 8 சதவீதம்கூடச் சுருங்கும். அது இரண்டரை இஞ்ச்.

கடை தொடங்கிய முதல் வருடம் இதை ஒரு கல்லூரிப் பையனின் பேன்ட்டில் கற்றேன். கெட்டியான அடர்நீல ஜீன்ஸ், விலைச்சீட்டு தொங்கியபடியே கொண்டுவந்தான். "கரெக்டா செருப்பு மேல நிக்கணும்க்கா" என்றான். அவன் சொன்ன இடத்திலேயே வெட்டினேன். மூன்று வாரம் கழித்து அதையே போட்டுக்கொண்டு வந்து நின்றான்; கணுக்கால் எலும்பு முழுதாக வெளியே தெரிந்தது. "தண்ணியில போட்டதும் ஏறிருச்சுக்கா" என்று மட்டும் சொன்னான், கோபப்படவே இல்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டின துணியை என்ன செய்து திருப்பிக் கொடுப்பது? அதற்குப் பிறகு, துவைக்காத ஜீன்ஸில் நான் கத்தரி வைத்ததில்லை. அவசரம் என்றால் இழையோட்டி மடித்துத் தருகிறேன், துவைத்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஜீன்ஸ் துணியைக் கிட்ட வைத்துப் பார்த்தால் சாய்ந்த வரிகள் ஓடுவது தெரியும். அந்தச் சாய்வின் இழுப்பால் துவைத்த பிறகு கால் லேசாக முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டுத் தையல் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வந்துவிடும். முறுக்குவதற்கு முன்னால் நேராக அடித்த பாட்டம், முறுக்கிய பின் ஒருபக்கம் தாழ்ந்து நிற்கும். முறுக்கி முடித்த காலில் அளவெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எத்தனை முறை துவைத்துவிட்டுக் கொண்டுவரணும்?

இரண்டு. வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே. வீட்டில் மெஷினில் போட்டு டிரையரில் உலர்த்துகிறவர், அளவுக்காக மட்டும் கையில் அலசிக் கொடியில் காயப்போட்டுக் கொண்டுவந்தால் பிரயோஜனமில்லை. டிரையர் சூட்டில் அது மறுபடி ஏறும்.

நீளம் எங்கே வந்து நிற்க வேண்டும்?

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஷூ மேல் ஒரு மடிப்பு விழ வேண்டும் என்று எழுதுவார்கள். ஷூ போட்டே நாள் முழுதும் இருக்கிறவர்களுக்கு அது சரி. நமக்குக் கணக்கு வேறு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம், சொந்தக்காரர் வீட்டில் கழற்றுகிறோம், சில ஆஸ்பத்திரிகளிலும் கடைகளிலும்கூடக் கழற்றுகிறோம். ஷூவோடு நிற்கவைத்து அளந்த பேன்ட், கழற்றின மறுநிமிஷம் குதிகாலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு தரையைத் துடைக்கும். பின் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்குகிற ஜீன்ஸ்களில் பெரும்பாலானவை இப்படிக் கிழிந்தவைதான்.

அதனால் நான் வெறுங்காலில் நிற்கவைத்துத்தான் முதலில் அளப்பேன். பின்பக்கம் ஓரம் தரையிலிருந்து அரை இஞ்ச் மேலே நிற்க வேண்டும். பிறகு, வழக்கமாகப் போடுவதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்வேன். நேர்க்கால் ஜீன்ஸுக்கு இந்த இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். குறுகலான கால் வைத்த ஜீன்ஸ் கணுக்காலிலேயே பிடித்து நின்றுவிடும் என்பதால் தரையைத் தொடாது. அதைக் கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் போதும், அதிகம் விட்டால் சுருக்கம் சுருக்கமாக விழும்.

பைக் ஓட்டுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து முழங்காலை மடக்கினால் ஓரம் இரண்டு இஞ்ச் வரை மேலே ஏறும். நின்றபோது அழகாக இருந்த நீளம் வண்டியில் உட்கார்ந்ததும் சாக்ஸுக்கு மேலே போய்விடும். அமெரிக்காவில் குதிரை ஓட்டுகிற கௌபாய்கள் ஜீன்ஸை வேண்டுமென்றே நீளமாக வாங்கி, நிற்கும்போது பூட்ஸ் மேல் சுருக்கம் சுருக்கமாக விழவிடுவது இதே காரணத்துக்காகத்தான்: சேணத்தில் ஏறி உட்காரும்போது அது சரியான நீளத்துக்கு வந்துவிடும்.

அளவெடுக்கும்போது மூன்று விஷயம். எப்போதும் கட்டுகிற இடத்தில் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். நேராகப் பாருங்கள், "சரியா இருக்கா?" என்று குனிந்து பார்த்தால் பின்பக்கம் ஏறிவிடும், நான் போட்ட சாக் கோடு பொய்யாகிவிடும். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். நிறையப் பேருக்கு ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் கால் இஞ்ச், அரை இஞ்ச் வித்தியாசம் உண்டு. ஒரு காலை அளந்துவிட்டு இரண்டையும் சேர்த்து வைத்து வெட்டுகிற தையல்காரரிடம் கொடுக்காதீர்கள்.

மடித்துவிடுவதென்றால் எவ்வளவு அகலம்?

நேர்க்காலுக்கு ஒன்று முதல் ஒன்றரை இஞ்ச். ஒரே மடிப்பு நிற்காது என்றால் அதையே இன்னொரு சுற்று சுற்றலாம். ஆனால் மூன்று சுற்று வேண்டாம். கணுக்காலில் கட்டுப் போட்டது மாதிரி பருத்துவிடும். மொத்த மிச்சமே மூன்று இஞ்சுக்கு மேல் இருக்கிறது என்றால் முழுவதையும் மடிப்பிலேயே சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாதியை வெட்டிப் பாட்டம் அடித்துவிட்டு மீதியை மடித்தால் மடிப்பு ஒழுங்காக உட்காரும்.

மடித்துவிட்டால் நடக்க நடக்க அவிழ்ந்துவிடுகிறதே?

இரண்டு காரணம். ஒன்று, துணி. எலாஸ்டேன் கலந்த, இழுத்தால் நீளுகிற துணி மடிப்பைப் பிடித்து நிற்காது. 12 அவுன்சுக்கு மேற்பட்ட கெட்டி முழுப்பருத்தித் துணிதான் மடித்த இடத்தில் நிற்கும். அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜம் துணியின் எடை.

இரண்டாவது காரணம் காலின் வடிவம். இதை ஒருதடவை கையில் மடித்துப் பார்த்தால் புரிந்துவிடும். கீழே போகப்போகக் குறுகுகிற காலில், கடைசி ஓரம் மேலே உள்ள பகுதியைவிடச் சுற்றளவில் சின்னது. அதைச் சுருட்டி மேலே ஏற்றும்போது சின்ன வளையத்தைப் பெரிய குழாய் மேல் மாட்டுகிறீர்கள். அது இறுக்கும், சுருங்கும், கடைசியில் கீழே நழுவும். விரிந்த காலில் நேர் எதிர்: பெரிய வளையம் சின்னக் குழாய் மேல் லொடலொடவென்று நிற்கும். நேராக இறங்குகிற காலில் மட்டும்தான் மடிப்பு பொருந்தி உட்காரும்.

அவிழாமல் இருக்க எளிய வழி: மடித்த பிறகு, உள்தையலும் வெளித்தையலும் வருகிற இரண்டு இடத்தில் மட்டும், அந்தத் தையல் பள்ளத்துக்குள்ளேயே கையூசியால் மூன்று நான்கு குத்துப் போடுங்கள். வெளியே தெரியாது, துவைக்கும்போது பிரித்துக்கொள்ளலாம்.

மடிப்பில் வேறு கெடுதல் இருக்கிறதா?

அழுக்கு. கடற்கரைக்குப் போய் வந்தவர் கடையில் மடிப்பை அவிழ்த்தால் ஒரு கைப்பிடி மணல் கொட்டும். மழைக்காலத்தில் சேறு அதற்குள் தங்கிக் காய்ந்து, மடிப்புக் கோட்டில் உப்புத்தாள் மாதிரி துணியைத் தேய்க்கும். ஒவ்வொரு துவைப்புக்கும் மடிப்பை அவிழ்த்து, உதறி, பிறகு போடுங்கள். மாதக்கணக்கில் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோடு வெளுக்கும், பிறகு நைந்துபோகும். அவ்வப்போது கால் இஞ்ச் மேலே கீழே மாற்றி மடியுங்கள்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு வலது கால் மடிப்பு செயினில் மாட்டும். கிக்கர் வைத்த வண்டியிலும் மாட்டும்.

வெல்டிங், வார்ப்பட வேலைக்குப் போகிறவர்கள் மடித்துவிட்ட பேன்ட் போடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். பறக்கிற தீப்பொறியும் உருகிய உலோகத் துளியும் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். கீழே விழ வழி இருக்காது. வெல்டிங் பாதுகாப்பு விதிகளிலேயே மடிப்பு வைத்த கால்சட்டை வேண்டாம் என்றிருக்கிறது. பட்டறைக்குப் போகிற தம்பிகள் வந்தால் வேறு பேச்சே பேசாமல் பாட்டம் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

குட்டையாக இருப்பவர்கள் மடித்துவிடலாமா?

அகல மடிப்பு வேண்டாம். வெளியே வருகிற வெளிர்நிறப் பட்டை, காலைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும். அரை முக்கால் இஞ்சில் மெல்லிய மடிப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம். உயரத்தைவிடக் காலின் அகலம்தான் முக்கியம் என்பது என் அனுபவம்; தொளதொளப்பான காலில் எந்த மடிப்பும் எடுக்காது.

'ஒரிஜினல் பாட்டம்' வைத்துத் தருகிறோம் என்கிறார்களே, அது என்ன?

வெளுத்துத் தேய்த்த மாதிரி வருகிற ஜீன்ஸில் கீழ்ப்பட்டியும் தேய்ந்து, மேடு பள்ளமாக வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அதை வெட்டிவிட்டுப் புதிதாக மடித்து அடித்தால், மேலே பழசு கீழே புதுசு என்று அப்பட்டமாகத் தெரியும். அந்தப் பழைய பட்டியை வீணாக்காமல் மேலே ஏற்றி வைப்பதுதான் ஒரிஜினல் பாட்டம்.

செய்முறை இதுதான். மூன்று இஞ்ச் குறைக்க வேண்டும் என்று வையுங்கள். ஓரத்தை வெளிப்பக்கமாக மடிக்க வேண்டும். பட்டியை விட்டுவிட்டு, பட்டியின் தையலிலிருந்து புது மடிப்புக் கோடு வரை ஒன்றரை இஞ்ச், அதாவது குறைக்க வேண்டியதில் சரிபாதி இருக்க வேண்டும். துணி இரட்டையாக மடிந்திருப்பதால் பாதி போதும். மூன்று இஞ்சுமே அளந்து மடித்தால் ஆறு இஞ்ச் குறைந்துவிடும், புதிதாகச் செய்கிறவர்கள் தவறுகிற இடம் இது. பிறகு பட்டியின் விளிம்பை ஒட்டி, அதன் மேல் ஏறாமல் சுற்றித் தைத்து, பட்டியைக் கீழே இறக்கிவிட்டால் மிச்சத் துணி உள்ளே போய்விடும். அதை அரை இஞ்ச் விட்டு வெட்டி, பிசிறு வராமல் ஓரத்தில் ஓவர்லாக் அடித்து, சூடாக ஒரு இஸ்திரி.

தையல் பட்டியை எவ்வளவு ஒட்டி ஓடுகிறதோ அவ்வளவுக்கு வேலை கண்ணுக்குத் தெரியாது. நேரம் பிடிக்கிற வேலை என்பதால் கூலி கூடத்தான் கேட்பார்கள், கொடுங்கள். ஆனால் குறுகுகிற காலில் மூன்று இஞ்சுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். பட்டி சின்ன வளையம், கால் பெரிய குழாய் என்று மேலே சொன்ன அதே சிக்கல் வரும். துணி கொசுவிக்கொண்டு நிற்கும்.

சங்கிலித் தையலில்தான் பாட்டம் அடிக்க வேண்டும் என்று சொல்கிறார்களே?

சாதாரண மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். சங்கிலித் தையலில் பாபின் இல்லை. நூல் அடியில் வளையம் வளையமாகப் பின்னிக்கொண்டு போகும். பேன்ட்டை உள்பக்கம் திருப்பினால் குட்டிச் சங்கிலி மாதிரி இருக்கும். பழைய அமெரிக்க ஜீன்ஸ்களில் இதுதான். யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்கிற பழைய மெஷினில் அடித்த பாட்டத்துக்காகவே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி என்ன விசேஷம்? அந்த மெஷின் மடிப்பின் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் தள்ளாது. அதனால் மடிப்பு ஓரம் சற்றே சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். துவைத்துச் சுருங்கியதும் அந்த முறுக்கு மேடாக எழும்பி, மேடு தேய்ந்து வெளுத்து, திரித்த கயிறு மாதிரி சாய்ந்த வரிகள் வரும். அந்தக் கயிற்றுக் கோலத்தைத்தான் தேடுகிறார்கள். பார்க்க அழகுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சங்கிலித் தையலில் நூல் ஓரிடத்தில் அறுந்து, அறுந்த முனை சரியான பக்கம் இழுபட்டால் முழுச் சுற்றும் சரசரவென்று பிரிந்துவிடும். பூட்டுத் தையல் அறுந்தால் அந்த இடத்தோடு நிற்கும். தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவருக்குப் பூட்டுத் தையலே போதும். கெட்டி முழுப்பருத்தி ஜீன்ஸை வருடக்கணக்கில் தேய்த்து அழகு பார்க்கிறவர், சங்கிலித் தையல் மெஷின் இருக்கிற கடையைத் தேடலாம்.

செல்வெட்ஜ் ஜீன்ஸை வெட்டலாமா?

வெட்டலாம். ஆனால் ஒரு மடிப்புக்கு இடம்விட்டு வெட்டுங்கள். பழைய நாடாத் தறியில் நெய்கிற துணி அகலம் குறைவு. அதன் இரு கரையும் பிசிறு விடாமல் தானாகவே கட்டிக்கொண்டிருக்கும், நம் வேட்டிக்குக் கரை இருப்பதுபோல. அந்தக் கரையையே வெளித்தையலில் வைத்துத் தைப்பதால், மடித்துவிடும்போது வெள்ளைக் கரையும் அதில் ஓடுகிற சிவப்பு நூலும் தெரியும். இந்தத் துணிக்குப் பெயர்போன வட கரோலினாவின் வைட் ஓக் ஆலை 1905-ல் தொடங்கி 2017 கடைசியில் மூடப்பட்டது. இப்போது இந்த ரகத்துக்கு ஜப்பானின் ஒகயாமா பக்கம்தான் பெயர். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டுக் கரையை உள்ளே ஒளித்துவைக்க எனக்கு மனசு வராது.

மடித்துவிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தேவையிலிருந்து. ரிவிட் அடித்த வேலைக் கால்சட்டைக்கு ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார்கள். துணி சுருங்கும் என்பதால் நீளமாகவே வாங்க வேண்டும், சுருங்கும்வரை மடித்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு வளர்த்திக்காக இன்னும் நீளம். 1950களில் இளைஞர்கள் அதையே நாகரிகமாக்கினார்கள்.

போர்க்காலக் கதை ஒன்று எனக்குப் பிடிக்கும். 1942-ல் பிரிட்டனில் துணிப் பஞ்சம். ஆண்களின் கால்சட்டையில் மடிப்பு வைத்துத் தைக்கக் கூடாது என்று அரசே தடை போட்டது. சாதாரண மனிதர்களுக்கு அது ஆகவே இல்லை. நீளமான கால்சட்டையாக வாங்கி வீட்டில் மடித்துக்கொண்டார்கள். 1944-ல் தடையை எடுத்தார்கள். இரண்டு இஞ்ச் துணிக்கு மனிதர்கள் எவ்வளவு பிடிவாதம் பிடிப்பார்கள் என்பது கடையில் நான் தினமும் பார்ப்பதுதான்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. 1990களின் நடுவில் அகமதாபாத் அர்விந்த் மில்காரர்கள் 'ரஃப் அண்ட் டஃப்' என்று தைக்காத ஜீன்ஸையே பொட்டலமாக விற்றார்கள். துணி, ஜிப், ரிவிட், பட்டன், லேபிள் எல்லாம் உள்ளே. வாங்கி உங்கள் டெய்லரிடம் கொடுத்தால் உங்கள் அளவுக்கே ஜீன்ஸ். அப்பா அந்தத் துணியை மெஷினில் ஏற்றி ஊசி உடைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த ஜீன்ஸ் எதற்கும் நீளம் குறைக்கிற வேலை வந்ததில்லை.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? வருஷத்துக்கு வருஷம் வளர்கிறார்களே.

பாவாடை தைக்கும்போது உள்மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவது நம் வழக்கம். ஜீன்ஸிலும் அப்படியே செய்துதரச் சொல்லி அம்மாக்கள் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் பிரித்த இடத்தில் வெள்ளைக் கோடு நிற்கும். ஜீன்ஸ் நூலில் நீலச்சாயம் மேல்தோலில் மட்டும்தான் ஒட்டியிருக்கும், நடுவில் நூல் வெள்ளை. மடிப்பு முனையில் நீலம் தேய்ந்துபோனால் உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வந்துவிடும். எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் போகாது. பிள்ளைகளுக்கு வெளிமடிப்புதான் நல்லது. அவ்வப்போது கோட்டை மாற்றி மடித்து, வளர வளர இறக்கிவிடுங்கள்.

வீட்டு மெஷினில் நானே பாட்டம் அடிக்க முடியுமா?

முடியும். 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மேலே தடித்த நூல், பாபினில் சாதாரண நூல். நூல் நிறத்தை மேலே பாக்கெட் தையலோடு வைத்துப் பாருங்கள். வெறும் மஞ்சள் என்று நினைத்ததெல்லாம் செம்பு நிறமாக இருக்கும். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர்.

நீளம் முடிய வேண்டிய இடத்தில் சாக் கோடு. அதற்குக் கீழே ஒரு இஞ்ச் விட்டு வெட்டுங்கள். அரை இஞ்ச் மடித்து இஸ்திரி, மறுபடி அரை இஞ்ச் மடித்து இஸ்திரி. இஸ்திரியைத் தவிர்த்தால் ஓரம் அலைஅலையாக வரும்.

கஷ்டம் ஒரே இடத்தில்தான்: உள்கால் தையலும் பக்கத் தையலும் குறுக்கே வருகிற மேடு. ஏற்கெனவே பல அடுக்காக இருக்கிற தையல், அதன் மேல் மும்மடிப்பு. ஊசி உடைவது அங்கேதான். தைப்பதற்கு முன்னால் அந்த இடத்தைத் துணி மூடிச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் தட்டையாக்குங்கள். மெஷின் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாயும். அப்போதுதான் தையல் தவறும். மடித்த அட்டைத் துண்டைப் பாதத்தின் பின்பக்கம் செருகி மட்டமாக்குங்கள். மேட்டைத் தாண்டும்வரை காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஒவ்வொரு தையலாக. தொடக்கமும் முடிவும் உள்கால் தையல் பக்கம் வரட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தையல் அங்கே யார் கண்ணிலும் படாது.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற டேப் போதுமா?

ஒரு கல்யாணத்துக்குப் போய் வரலாம். ஜீன்ஸ் கனத்துக்கு நாலு துவைப்பு தாங்காது.

பூட்கட், பெல் பாட்டம் ரகத்தைக் குறைக்கலாமா?

ஒன்றரை, இரண்டு இஞ்சுக்குள் என்றால் சரி. அதற்கு மேல் வெட்டினால் விரிகிற பகுதியைத்தான் வெட்டுகிறோம். மிஞ்சுவது நேர்க்கால் மாதிரி ஒன்று. முழங்கால் வளைவும் இடம் மாறித் தெரியும். உங்கள் உயரத்துக்கான நீளத்தில் வருகிற ஜோடியையே தேடி வாங்குங்கள். இந்த ரகத்தை மடித்துவிடவே வேண்டாம்.

வெட்டி அப்படியே பிசிறாக விட்டால்?

இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். வெட்டிய விளிம்புக்கு அரை இஞ்ச் மேலே, துணி நிறத்திலேயே ஒரு சுற்றுத் தையல் ஓட்டிவிடுங்கள். பிசிறு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். தையல் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு துவைப்பிலும் ஏறிக்கொண்டே போகும்.

ஏற்கெனவே குட்டையாக வெட்டிவிட்டார்கள். நீட்ட வழி உண்டா?

உள்ளே மடித்திருப்பதைப் பிரித்து இறக்கினால் முக்கால் இஞ்ச் வரை கிடைக்கும். ஓரத்துக்கு உள்பக்கம் வேறு துணியில் பட்டி கொடுத்துத் தைத்தால் அந்த நீளம் முழுதும் மிஞ்சும். வெள்ளைக் கோடு தெரியும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு இஞ்ச் குட்டை என்றால், கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் வெட்டித் திட்டமிட்ட நீளமாக்குவதே நன்றாக இருக்கும்.

வெட்டிய துண்டை என்ன செய்வது?

வீட்டுக்கு எடுத்துப் போய், ஜீன்ஸோடு சேர்த்தே துவைத்துத் துவைத்து வையுங்கள். இரண்டு வருஷத்தில் தொடை உரசுகிற இடம் நையும். அப்போது ஒட்டுப் போட, அதே துணி, அதே அளவு வெளுத்தது, வேறெங்கும் கிடைக்காது. கடையில் வெட்டிய துண்டுகளைப் பேன்ட் பாக்கெட்டிலேயே மடித்து வைத்துத்தான் கொடுக்கிறேன். போன மாதம் ஒருவர் அப்படி வைத்த துண்டோடு வந்தார். தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ஒட்டு எங்கே இருக்கிறதென்று அவருக்கு விரலால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்தது.